துவான் என்று தொடங்கும் கடிதம்

படித்த படிப்பின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
கேட்டவர்கள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள்:
குடியிருப்புச் சொத்து நிர்வாகம்.
"வீடு விக்கிறியா?"
இல்லை.
"அப்ப, கட்டுறியா?"
இல்லை அத்தை,
கட்டி, விற்று, எல்லாரும் கைகழுவிப் போன பிறகு
மிச்சமிருப்பதைப் பார்த்துக்கொள்வது.

சுங்கைப்பட்டாணியில் மூன்றாம் மாடி வகுப்பு,
ஏர்கான் சொட்டுகிற இடத்தில் ஒரு வாளி.
எது பொது, எது தனி என்று
ஒரு பருவம் முழுக்கப் படித்தோம்.
சுவரின் உள்பூச்சு உன்னுடையது,
சுவர் எல்லாருடையது.
உன் தரைக்குக் கீழே இறங்கிவிட்ட குழாய்
யாருடையது?
பத்து மதிப்பெண்ணுக்கு எட்டு வாங்கினேன்.
அந்த வாளி யாருடையது என்று
யாரும் கேட்கவில்லை.

வேலை பீடோங்கிலேயே கிடைத்தது.
தோட்டத்தை விற்றபோது
லயத்துக்கு ஈடாக எழுப்பிய நான்கு பிளாக், ஐந்து மாடி.
மாடிப்படிக்கு அடியில் அலுவலகம்;
நிமிர்ந்து எழுந்தால் தலை இடிக்கும்.
முதல் நாள் தந்தது அறுபத்தொரு சாவி.
பதினொன்றுக்குத்தான் பூட்டு இருந்தது.

சிங்கிங் ஃபண்ட் என்று பாடம் நடத்தியபோது
மூழ்கும் நிதி என்று சிரித்தோம்.
இங்கே நிஜமாகவே மூழ்கிக் கிடந்தது:
நானூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட் முப்பது காசு.

தண்ணீர்ப் பம்பைத் திறந்தார் ரொஸ்லி.
உள்ளே இரண்டு பல்லிமுட்டை, கருகிய ஒயர்.
நூற்றெண்பது ஆகும் என்றார், முட்டையை நகர்த்தி வைத்துவிட்டு.
குழுத் தலைவர் சியூ, இரும்புக் கடைக்காரர்,
மலாயில் கேட்டார்:
"காசு வந்தால் பம்பு ஓடும்,
பம்பு ஓடினால் காசு வரும்.
எது முதலில் என்று கல்லூரியில் சொன்னார்களா?"

சொல்லவில்லை.

ஐந்தாம் மாடி ஜெகதாம்பாள்
கதவைப் பாதி திறந்து சொன்னார்:
"கூரை ஒழுகுது. எதுக்குக் கட்டணும்?"
சட்டப்படி அவர் சொன்னது சரி.
சட்டப்படி நான் கேட்டதும் சரி.
இரண்டு சரிகளுக்கும் நடுவில்
அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு மீ கோரெங் டப்பா
சொட்டு சொட்டாக நிரம்பிக்கொண்டிருந்தது.

பாக்கிப் பட்டியலைத் தொகை வாரியாக அடுக்கினேன்.
எண்பத்து நான்கு வீடு.
நாற்பத்தொன்றாம் வரிசையில்
4-11, கு. வேலாயுதம், ஏழு மாதம்,
இருநூற்றுப் பத்து ரிங்கிட்.

என் அப்பா.

கர்சர் அந்த வரியில் கொஞ்ச நேரம் துடித்தது.
அழித்திருக்கலாம்.
என் சம்பளத்தில் நானே கட்டியிருக்கலாம்;
சம்பளத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
மற்ற எண்பத்து மூன்றுக்கும் போட்ட அதே எழுத்தில்
அச்சடித்தேன்.
துவான்/புவான் என்று இருந்ததில்
புவானை அடிக்கோல் வைத்து அடித்தேன்.

பிளாக் பிளாக்காகப் போட்டுக்கொண்டு வந்து
கடைசியாக
எங்கள் கதவுக்கு அடியில் தள்ளினேன்.
பிறகு சப்பாத்தைக் கழற்றி,
கதவைத் தட்டினேன்.

"சொந்த வீட்டுக்கே நோட்டீசாடி?"
அம்மா கரண்டியோடு நின்றார்.
அப்பா செம்பனை லாரியிலிருந்து இறங்கி
இன்னும் குளிக்கவில்லை, தண்ணீர் இல்லை.
விளக்கடியில் பிடித்து இருமுறை படித்தார்.
தொகையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
"துவான்னு போட்டிருக்கே," என்றார்.
"எல்லாருக்கும் அப்படித்தான் போடணும்ப்பா."
"இத்தனை வருசமா நாந்தான்
மத்தவனுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

சட்டைப்பையிலிருந்து ஐம்பது ரிங்கிட் எடுத்து நீட்டினார்.
"ரசீது?"
அலுவலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும் என்றேன்.
அம்மா சிரிப்பை அடக்க அடுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

காலையில் வரிசையில் மூன்றாவதாக நின்றார்,
தீபாவளிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு.
முன்னால் நின்றவர் குப்பைத் தொட்டியைப் பற்றி
இருபது நிமிடம் பேசினார்.
எழுதிக்கொண்டேன்.
"அடுத்தவர்," என்றேன்.
"வீட்டு எண்?"
சொன்னார்.